மூன்றாவது மாநிலம்

“அப்ப ஜூலை வரைக்கும் கலிஃபோர்னியா, ஆகஸ்ட்லேர்ந்து டெக்சஸ். ரெண்டே ஸ்டேட். டெக்சஸுக்கு ஸ்டேட் டாக்ஸே கிடையாது, பாதி வேலை முடிஞ்சாச்சு,” என்றார் ராமசுப்ரமணியன் அங்கிள். டெக்சஸின் கேட்டி ஊரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு வருமான வரிக் கணக்கு முடிவது அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான்.

“மூணுங்க அங்கிள்,” என்றாள் அஞ்சனா.

மேசைக்கடியில் அவள் கணவன் வெள்ளியங்கிரி அவள் காலை மிதித்தான். நியூ மெக்ஸிகோ பேச்சையே எடுக்கக் கூடாது என்று வரும் வழியெல்லாம் காரில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஒரு மாதம்கூட இருக்கவில்லை, யார் கேட்கப்போகிறார்கள்? ஆபீஸ் நண்பர்களும் அதையேதான் சொன்னார்களாம். அவளும் சரியென்று தலையாட்டியவள்தான். ஆனால் ஏழு மாதக் குழந்தை தென்றல் எச்சில் ஒழுக மடியில் உட்கார்ந்து அங்கிளின் கால்குலேட்டரை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ‘ரெண்டே ஸ்டேட்’ என்றதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளை பிறந்த ஊரையே இல்லையென்று சொல்வதா?

“இவ பொறந்தது நியூ மெக்ஸிகோவுல, லாஸ் க்ரூசஸ்லங்க. நாங்க டெக்சஸ் வர்ற வழியில.”

அங்கிள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

கலிஃபோர்னியாவின் டப்ளினில் வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் காரிலேயே கிளம்பியிருந்தார்கள். பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. நீ ஃப்ளைட்டில் போ என்று அவன் எவ்வளவோ சொல்லியும், பாலைவனத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவள் அஞ்சனாதான். நன்றாகவே பார்த்தாள். ஒரு கேஸ் ஸ்டேஷன் வாசலில், கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு நின்றுகொண்டிருந்தபோது பனிக்குடம் உடைந்தது. பேரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஊரில் பிள்ளை பிறந்தது. அங்கே லூபே என்று ஒரு நர்ஸ், அஞ்சனாவை ‘மிஹா’ என்றுதான் கூப்பிடுவாள். மகளே என்று அர்த்தமாம். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் நாக்கு செத்துப்போயிருந்தவளுக்கு, தன் வீட்டில் வைத்த பச்சை மிளகாய்க் குழம்பை ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தாள். பொள்ளாச்சியிலிருந்து வீடியோ காலில் அம்மா, “பச்ச ஒடம்புக்காரி, மொளகாயத் திங்கறயே கண்ணு!” என்று அலற அலற, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய டப்பாவை வழித்துச் சாப்பிட்டாள் அஞ்சனா.

“நீ அங்கேர்ந்து வேலை பாத்தியாப்பா?” அங்கிள் வெள்ளியங்கிரி பக்கம் திரும்பினார்.

அவன் கூரையைப் பார்த்தான். “கொஞ்சம்… லேப்டாப்லங்க.”

“போச்சு. அங்க உக்காந்து வேலை பாத்த நாளுக்கெல்லாம் அந்த ஸ்டேட்டுக்கு வரி உண்டு. நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப காதுல விழுந்துடுச்சே, ஃபைல் பண்ணித்தான் ஆகணும்!” என்று சிரித்தார். “என்னென்னிக்கு வேலை பாத்தேன்னு சொல்லு.”

வெள்ளியங்கிரி வேண்டாவெறுப்பாகப் போனில் காலண்டரைத் திறந்தான். “லீவு முடிஞ்சு திங்கக்கெழம வேலையில சேந்தேனுங்க. ஆஸ்பத்திரி காரிடார்ல உக்காந்துதான். பாப்பா உள்ள மஞ்சக்காமாலைக்கு நீல வெளக்குக்கு அடியில படுத்திருந்தா. செவ்வாய், புதன் முழு நாளுங்க. வியாழக்கெழம…” விரல் நின்றது. “பாதி நாள்தானுங்க.”

“ஏன்?”

“டீம் மீட்டிங்ல இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பா ட்யூப் இல்லாம தானாப் பால் குடிச்சா. மொத தடவைங்க. கேமராவ ஆஃப் பண்ணிட்டேன். மேனேஜர் என்ற பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டே இருந்தாரு, எனக்குப் பேச்சே வரல. அழுது முடிச்சு, மொகத்தக் கழுவிட்டு, பார்க்கிங் லாட்டுக்குப் போயி ஆடுனேனுங்க.”

“என்னது?”

“டான்ஸுங்க. வெயில்ல. யாருமில்லைன்னு நெனச்சேன். பாத்தா, நர்ஸுக எல்லாம் ஜன்னல்ல நின்னு கை தட்டறாங்க.”

அஞ்சனா அவனையே பார்த்தாள். சொந்தத் தம்பி கல்யாணத்தில்கூடக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்ற ஆள். அந்த வியாழக்கிழமை அவள் கண்ணாடிக்கு உள்ளே பிள்ளைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். மீட்டிங் எப்படிப் போச்சு என்று சாயங்காலம் கேட்டதற்கு, நல்லாப் போச்சு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

“ஏனுங்க, இத எங்கிட்டச் சொல்லவே இல்லையே!”

“யாரும் தேதி கேக்கலயே,” என்றான், காது மடல் சிவக்க.

அங்கிள் பேனாவை எடுத்தார். “சரி, வியாழக்கிழமை அரை நாள்னு போட்டுக்கறேன்.”

“முழு நாளாவே போட்டுருங்க அங்கிள்.”

“வரி கொஞ்சம் ஏறும்ப்பா.”

“ஏறட்டுமுங்க.”

வெளியே வந்ததும் கார்ச் சாவியை அஞ்சனாவிடம் கொடுத்துவிட்டு, அவன் பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான். சிக்னலில் நின்றபோது அவள் கண்ணாடியில் பார்த்தாள். தென்றல் அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்தபடி கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சீட் பெல்ட் விட்ட அளவுக்குத் தோளைக் குலுக்கி, எப்படி ஆடினேன் என்று அவன் பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தான். பச்சை விழுந்துவிட்டது. பின்னால் ஒருவர் மெதுவாக ஹாரன் அடித்தார்.