தாகம் எடுக்கும் நேரம்

அந்த ஹேர் டிரையர் அக்காவுடையது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, இனி இதுக்கு வேலை இருக்காது என்று தலையைத் தடவிச் சிரித்தபடி இழுப்பறைக்குள் போட்டுவிட்டுப் போனாள். இப்போது தங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தொட்டிக்குச் சூடான காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தொட்டியில் செடி இல்லை. வெறும் மண். அந்த மண் காய்ந்தால்தான் அக்காவின் தொண்டையில் ஒரு டம்ளர் சத்துப் பால் இறங்கும்.

தங்கைக்கு வீட்டில் பூச்சி என்று பெயர். நோஞ்சானாகப் பிறந்ததால் வைத்த பெயர், வேலைக்குப் போன பிறகும் விடவில்லை. தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அக்காவுக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்து தனி அறையில் சேர்த்தபோது, அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் தான் வளர்க்கும் ரப்பர் செடியைக் கொண்டுவரலாமா? மண்ணில் கிருமி இருக்கும், கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்கவில்லை.

பூச்சி அன்றைக்கே வேலையில் இறங்கினாள். மண்ணில் குத்த இரண்டு கம்பி நீட்டிய சென்சார், ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, மீன் தொட்டிக்குப் போடும் குட்டி மோட்டார், எல்லாவற்றையும் அடைக்க ஒரு பிஸ்கட் டப்பா. மண்ணின் ஈரம் அக்காவின் போனில் கோடாக ஓடும். கோடு இறங்கினால் அக்கா படுத்தபடியே பொத்தானை அழுத்தலாம். வீட்டில் மோட்டார் ஓடித் தண்ணீர் விழும்.

அக்காவுக்கு முகத்தில் உயிர் வந்தது. அது குடிச்சா நானும் குடிக்கிறேன் என்று அவளாகவே ஒப்பந்தம் போட்டாள். பொத்தான், அப்புறம் டம்ளர். டம்ளரோடு பக்கத்தில் காத்திருப்பது அக்காவின் கணவர். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லிக் கேட்காதவள் ஒரு செடி சொல்லிக் கேட்கிறாள் பார் என்று மாமா பூச்சியிடம் அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பில் சந்தோஷம் இருந்தது.

தப்பு நடந்தது கம்பியில். அக்கா எந்த நேரம் பார்த்தாலும் கோடு தெரியவேண்டும் என்று பூச்சி கம்பிகளில் மின்சாரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தாள். ஈர மண்ணில் அப்படி விட்டால் கம்பி அரித்துப்போகும். பள்ளிக்கூடத்துப் பாடம்தான். அவசரத்தில் புத்திக்கு எட்டவில்லை. அரித்த கம்பி சேற்றைக்கூட வறட்சி என்றது. அக்கா அழுத்தினாள். மறுபடியும் வறட்சி. மறுபடியும் அழுத்தினாள். இலை மஞ்சளாகி உதிர்ந்தபோது பூச்சியும் கோட்டைத்தான் நம்பினாள், தண்ணீர் போதவில்லை என்றுதான் நினைத்தாள். அழகுக்காகச் செடித் தொட்டியை இறக்கி வைத்திருந்த வெளிப் பீங்கான் தொட்டியில் ஓட்டை கிடையாது. அதற்குள் நின்ற தண்ணீர் யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தொட்ட இடமெல்லாம் கூழாகக் கையோடு வந்தது.

கொன்றது பூச்சியின் கருவி. ஆனால் அழுத்தியது அக்காவின் விரல். இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? உடம்பில் தெம்பு ஏறினால்தான் அடுத்த சுற்று மருந்து கொடுக்க முடியும் என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார். பூச்சி மூச்சு விடவில்லை. புது மண் போட்டாள், புதுக் கம்பி குத்தினாள், போட்டோ கேட்டால் பழையதை அனுப்பினாள்.

செடி இல்லாத மண்ணுக்குத் தாகம் எடுக்காது என்பது அப்புறம்தான் உறைத்தது. கோடு மேலே ஏறி அங்கேயே படுத்துக்கொண்டது. அதுக்கே வேண்டாமாம், எனக்கு மட்டும் எதுக்கு என்று அக்கா டம்ளரைத் தள்ளிவிட்டாள். ஏதாவது பண்ணு பூச்சி என்று மாமா போனில் குரல் உடைந்து கெஞ்சினார். டிரையர் இழுப்பறையிலிருந்து வெளியே வந்தது அன்று சாயங்காலம்தான்.

அது சூடேறி நின்றுபோகும். அட்டையால் விசிறுவாள். மறுபடி டிரையர். கம்பியைச் சுற்றிக் காய்ந்தாலே போதும் என்று தெரிந்துகொண்டாள். கோடு இறங்கும், மோட்டார் ஓடும், ஆஸ்பத்திரியில் ஒரு டம்ளர் காலியாகும். மறுநாளும் அதே கூத்து. பரிசோதனைக் கூடத்தில் பாட்டில் கழுவும்போதும் பஸ்ஸில் தொங்கும்போதும் அவளுக்கு மண் நினைப்புதான்.

இன்று மண் காய்வதற்குள் அக்காவே போனில் கூப்பிட்டுவிட்டாள். பூச்சி டிரையரை அணைத்துவிட்டு எடுத்தாள். அக்காவின் குரல் நூலாக இருந்தது.

"ஏண்டி, செடின்னா வெளிச்சத்துலதானே குடிக்கும். இது என்னடான்னா பகல் பூரா சும்மா இருந்துட்டு, நீ வேலை முடிஞ்சு வந்ததும் தாகம்ங்குது."

ஜன்னல் பக்கம் மாற்றி வைத்தேன், அதனால் இருக்கும் என்று பூச்சி ஏதோ உளறினாள்.

"செத்துப்போச்சா?"

பூச்சி டிரையரைத் தரையில் வைத்தாள்.

"நான்தானே ஊத்திக்கிட்டே இருந்தேன்."

"இல்லக்கா. கம்பி அரிச்சுப்போச்சு. நான் கட்டினதுல தப்பு. அது உன்கிட்ட பொய் சொல்லிடுச்சு."

"அது நிறுத்தினதும் நீ பொய் சொல்ல ஆரம்பிச்சே."

"ஆமா."

"இப்ப தொட்டியில என்னதான் இருக்கு?"

"மண்ணு."

"அதை எப்படிடி காய வெச்சே?"

"உன் டிரையர்ல."

அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா, அழுகையா என்று பிடிபடவில்லை. அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

பூச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கோடு மேலேயே நின்றது. இனி அதை இறக்கி என்ன ஆகப்போகிறது? தானே அக்காவின் வாயை அடைத்துத் தைத்த மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி எறியலாம் என்று பிஸ்கட் டப்பாவில் கை வைத்தாள்.

கைக்கு அடியில் மோட்டார் உறுமியது. பொத்தான் இருப்பது அக்காவின் போனில் மட்டும்தான்.

ஏற்கெனவே ஈரமாக இருந்த மண்ணில் தண்ணீர் விழுந்தது. கொஞ்ச நேரம் ஓடி நின்றது. பூச்சி கையை எடுக்காமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து மாமாவிடமிருந்து செய்தி வந்தது: பாதி குடிச்சிருக்கா. டம்ளரை இன்னும் கீழே வெக்கல.