ஆயிரம் மணி நேரக் குளிர்

அந்த நாற்றுப் பண்ணையில் அவருக்கு ஐஸ்பெட்டி என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் குளிர் அறைக்கு அவர்தான் பொறுப்பு. பீச், செர்ரி, பிளம் கன்றுகளைத் தொட்டியோடு உள்ளே அடுக்கி, நாலு டிகிரியில் தூங்கவைத்து, வேளை வந்ததும் வெளியே எடுக்க வேண்டும். அந்த ஊர்க் குளிர்காலம் பேருக்குத்தான் குளிர்காலம். காலையில் ஸ்வெட்டர், மத்தியானம் மின்விசிறி. அதை நம்பி விட்டால் ஒரு மொட்டும் கண்ணைத் திறக்காது.

மொட்டின் குணம் அப்படி. இலை கொட்டியதும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். இத்தனை மணி நேரம் குளிரில் கிடந்தால்தான் எழுந்திருப்பேன் என்று அடம்பிடிக்கும். அந்தப் பண்ணை பீச்சுக்கு எண்ணூறு மணி, செர்ரிக்கு ஆயிரம். அதற்கு முன்னால் எழுப்பினால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இலை வரும், பூ வராது. நடுவில் ரெண்டு நாள் கதகதப்புப் பட்டுவிட்டாலோ, அதுவரை சேர்ந்த குளிரில் பாதி வீண்.

"பத்து நாள் முன்னாடி எடுத்தா குடி முழுகிப்போயிடுமா?" என்று முதலாளியம்மா வருஷா வருஷம் கேட்பார்.

"தாராளமா எடுங்கம்மா. பூக்கலைன்னு வாங்கினவங்க வந்து நின்னா நீங்களே பதில் சொல்லுங்க. ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்கலையா?"

"உங்ககிட்ட வாயைக் குடுத்தேனே, என்னைச் சொல்லணும்!" என்று அந்தம்மா போய்விடுவார்.

செடியிடம் இவ்வளவு பொறுமை காட்டிய மனுஷன் வீட்டில் என்ன செய்தார் தெரியுமா? மனைவி செத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் துணிமணி, செருப்பு, கைப்பை, மூக்குக்கண்ணாடி வரைக்கும் மூட்டை கட்டி ஏதோ தொண்டு நிறுவனத்து வண்டியில் ஏற்றிவிட்டார். அலமாரியைத் திறந்தால் அவள் வாசம் அடித்தது. அவரால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். கடைக்குப் போயிருந்த மகள் திரும்பி வந்து காலி அலமாரியைப் பார்த்தாள். ஒரே பிள்ளை.

"என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையாப்பா?"

"வச்சு என்னம்மா பண்ணப்போறோம்?"

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு, வேலை பார்க்கும் ஊருக்கு அன்றைக்கே கிளம்பிவிட்டாள். "கொஞ்ச நாளைக்கு என்னை விட்டுடுங்க" என்றாள் வாசலில்.

வேறொரு அப்பன் என்றால் மறுநாளே போனைப் போட்டு, நாலு திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, சமாதானமாகியிருப்பான். நம்ம ஆள் ஐஸ்பெட்டி ஆயிற்றே! குளிர் அறை நோட்டின் கடைசிப் பக்கத்தில் மகளுக்கும் மணி எண்ண ஆரம்பித்துவிட்டார். ஒரு நாளைக்கு இருபத்துநாலு. பிடிவாதத்தில் அம்மாவைக் கொண்டவள், பீச் கணக்கு இவளுக்குப் பத்தாது, செர்ரிக் கணக்குதான் சரி என்று ஆயிரம் போட்டார். கேட்டால் சிரிப்பு வரும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு உருப்படியாகத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். இவளும் கைவிட்டுப் போனால் அவருக்கென்று இந்த உலகத்தில் ஈ காக்கை கிடையாது.

அந்த நாட்கள் லேசில் நகரவில்லை. டிவியில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்லப் பழகிக்கொண்டார். ரெண்டு பேருக்கென்று காய்ச்சிய பாலில் பாதியைக் கொட்டினார். வேலை முடிந்தும் குளிர் அறையிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அங்கே யாரும் பேசாதது இயல்பாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை, பண்ணைக்கு விடுமுறை.

இருபத்தைந்தாம் நாள் ஒரு ஞாயிறு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேஜைமேல் போன் அடித்தது. மகள்!

பாய்ந்து கையில் எடுத்தார். எடுத்தவர், கணக்கையும் போட்டார். அறுநூறு மணிதான் ஆகியிருக்கிறது. இப்போது பேசினால் பழைய கோபம் கிளம்பும், எல்லாம் பாழாகி மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். "இன்னும் நானூறுதான் கண்ணு, பொறுத்துக்கோ" என்று போனிடம் சொல்லிவிட்டுக் கவிழ்த்து வைத்தார். அது அடித்து ஓய்ந்தது. அட பாவி மனுஷா, எடுத்துத் தொலைத்திருக்கக் கூடாதா!

நாற்பத்திரண்டாம் நாள் ஆயிரம் நிறைந்தது. மத்தியானம் கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். போனில் கேட்ட மணிச் சத்தமே வேறு மாதிரி இருந்தது.

"சொல்லுங்கப்பா."

குரலில் கோபம் இல்லை. பலித்துவிட்டது என்றே நினைத்தார். "நல்லா இருக்கியாம்மா? சாப்பிட்டியா?"

"இங்க இன்னும் விடியவே இல்லப்பா."

"விடியலையா? எங்கம்மா இருக்கே?"

கடல் தாண்டி ஒரு நாட்டின் பேரைச் சொன்னாள். அங்கே வேலை கிடைத்து, வந்து ரெண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"சொல்லத்தான்ப்பா வந்தேன். கிளம்பறதுக்கு முந்தின நாள், ஞாயித்துக்கிழமை. நம்ம வீட்டுக்கு எதிர்லதான் நின்னேன். கோவமா இருப்பீங்களோன்னு பயந்துக்கிட்டு முதல்ல போன் போட்டேன். ஜன்னல் திறந்திருந்துச்சு. போனைக் கையில எடுத்தீங்க, யாருன்னு பார்த்தீங்க. கவுத்து வச்சீங்க."

"அது வந்தும்மா... கணக்கு முடியல."

"என்ன கணக்கு?"

சொன்னார். ஆயிரம் மணி, செர்ரி, நோட்டின் கடைசிப் பக்கம், எல்லாவற்றையும் குழறிக் குழறிச் சொன்னார்.

"அம்மா இருந்திருந்தா ஒரு அதட்டுப் போட்டு எடுக்க வச்சிருப்பாங்க."

"ஆமாம்மா."

"அம்மாவோடது ஏதாவது மிச்சம் இருந்தா எடுத்துட்டுப் போலாம்னுதான் நினைச்சேன். ஒரு கைக்குட்டையாவது இருக்காப்பா?"

இருக்கிறது என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. "இல்லம்மா. எல்லாத்தையும் குடுத்துட்டேன்."

"சரிப்பா. உடம்பைப் பாத்துக்கோங்க." பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அவர் எதையும் எண்ணவில்லை. உடனே மறுபடி போட்டார். அடித்து ஓய்ந்தது. திரும்பவும் போட்டார். "செர்ரியை எடுத்துடலாமா?" என்று முதலாளியம்மா கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார். அவர் தலை நிமிரவில்லை. மூன்றாவது தடவையும் அவள் எடுக்கவில்லை, நாலாவது தடவை போட்டார்.