துரையின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள்

இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை முற்பகலில், நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் சிவப்பு விளக்குக்காக நிறுத்திய வண்டியிலேயே, ஸ்டியரிங்கின்மீது நெற்றியைச் சாய்த்து உறங்கிப்போனார். விளக்கு பச்சையாகி மறுபடியும் சிவந்து, பின்னால் நின்ற வண்டிகளின் ஹாரன் ஊரைக் கூட்டிய பிறகே, கண்டக்டர் ஓடிவந்து அவரை உலுக்கி எழுப்பினான். விபத்து ஏதும் நேரவில்லை. ஆயினும் அன்று மாலையே டிப்போ அதிகாரி அவரை அழைத்து, இன்னொரு முறை இவ்வாறு நடந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது, வண்டி கழுவும் கொட்டகைதான் என்று சொல்லிவிட்டார். ஒரு கீறல்கூட இல்லாமல் இத்தனை ஆண்டுகள் வண்டி ஓட்டியவருக்கு அது கன்னத்தில் அறைந்தாற்போல இருந்தது.

காரணத்தை அவர் நன்கறிவார். அந்தக் காரணத்துக்குச் செங்கொண்டையும் பொன்னிறக் கழுத்தும் இருந்தன; துரை என்ற பெயரும் இருந்தது.

டிரைவர் குடியிருந்தது மாடியில். கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மாள், தனியாக மருந்துக் கடை நடத்திவந்தவர், கொல்லைப்புறத்தில் ஒரு சேவலும் சில பெட்டைகளும் வளர்த்தார். முதல் வண்டி எடுக்கவேண்டிய டிரைவர், ஊர் அடங்குமுன்பே படுக்கவேண்டியவர். ஒரு மாதமாகத் துரை நள்ளிரவுக்கு முன்பே கூவத் தொடங்கி, விட்டுவிட்டு விடியும்வரை கூவியது. டிரைவர் விளக்கைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, ஒரு செம்புத் தண்ணீரை வீசுவார். துரை முன்னிலும் உரக்கக் கூவும்.

"அது சேவலு. கூவாம பின்ன என்ன, உங்களுக்குத் தாலாட்டா பாடும்?" என்று அவர் மனைவி போர்வைக்குள்ளிருந்தே கேட்பாள்.

டிப்போ அதிகாரி எச்சரித்த அன்றிரவு அவர் படியிறங்கிப்போய்க் கதவைத் தட்டினார்.

"அக்கா, உங்க துரை ராத்திரி முழுக்கக் கூவுறான்."

"ராத்திரியிலயா? சும்மா சொல்லாதீங்க தம்பி. நான் கீழதானே படுத்திருக்கேன்? ஒரு சத்தம் கேக்கலையே."

"காது மெஷினைக் கழட்டி வச்சுட்டுப் படுத்தா, இடி விழுந்தாலும் உங்களுக்குக் கேக்காது."

அம்மாள் சிரித்தார். டிப்போவில் நடந்ததைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"இப்ப என்ன செய்யணுங்கறீங்க?"

"கறிக்கடைக்காரரைக் கூப்பிட்டுக் குடுத்துருங்க அக்கா. வேற வழி தெரியல."

அம்மாள் கொல்லைப்புறத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு, "சரி. ஒரு குடும்பத்துச் சோத்துல மண்ணு விழக் கூடாது. ஞாயித்துக்கிழமை வரச் சொல்றேன். அதுவரைக்கும் பொறுத்துக்கங்க," என்றார். திரும்பியவரை மறுபடியும் கூப்பிட்டு, "படியில வெளிச்சம் நல்லா இருக்கில்ல? போன மாசம் நீங்க சறுக்கினதிலேருந்து பெரிய பல்பாப் போட்டு, ராத்திரி பூரா எரியவிட்டிருக்கேன்," என்று கேட்டார்.

"பட்டப்பகலாட்டம் இருக்கு அக்கா," என்று டிரைவர் நன்றியோடு சொன்னார்.

ஞாயிறு வரைக்குமாவது சத்தம் குறையட்டும் என்று, தம் ஜன்னலை நோக்கிய பக்கத்தில் கூண்டின்மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். படியை நோக்கிய பக்கம் திறந்தே கிடந்தது. துரை அன்றும் கூவியது.

வியாழக்கிழமை, இருள் பிரியாத வேளையில், அவருடைய வண்டி கடைசி நிறுத்தத்தை அடைந்தது. அங்கே மைதானத்தைச் சுற்றி வண்டியைத் திருப்புவார். ஹெட்லைட் வெளிச்சம் வரிசையாக வீடுகளைத் தடவிச் செல்லும். கொல்லைக்குக் கொல்லை சேவல்கள் கூவும். நாள்தோறும் நடப்பதுதான். அவருக்கு அதில் உச்சி குளிரும் என்பது கண்டக்டருக்குத் தெரியும்.

"சல்யூட் அடிக்கிறானுங்க அண்ணே. உங்களுக்கு மட்டுந்தான். நீங்க லீவு போட்டா வர்றாரே, அவருக்கு ஒருத்தனும் வாயத் திறக்கறதில்ல."

"அவரு லைட்டை அணைச்சுட்டுல்ல திருப்புவாரு..." என்று சொல்லிக்கொண்டு வந்த டிரைவரின் வாய் அப்படியே நின்றது.

"என்னண்ணே, மறுபடியும் தூங்கிட்டீங்களா?"

டிரைவர் ஹெட்லைட்டை அணைத்தார். கூவல்கள் ஒவ்வொன்றாக அடங்கின. சற்றுப் பொறுத்து மறுபடி போட்டார். முதல் கொல்லையில் ஒன்று தொண்டையைத் திறந்தது. அதற்கு அடுத்த கொல்லை பதில் சொன்னது.

"சல்யூட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றார் டிரைவர். "விடிஞ்சிருச்சுன்னு இவங்களை ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கேன்டா, இத்தனை நாளா."

பணி முடிந்ததும் அவர் நேரே மருந்துக் கடைக்குப் போய்ச் செய்தியைச் சொன்னார். அம்மாளின் முகம் இறுகியது.

"அப்ப நான் உங்களுக்காகப் போட்ட லைட்டுதான் உங்க தூக்கத்தைக் கெடுத்துதா?"

"துரையோட தூக்கத்தைக் கெடுத்துது அக்கா. அவன் என் தூக்கத்தைக் கெடுத்தான். நான் வேற லைட்டைப் போட்டுத் தண்ணி ஊத்தி, இன்னொரு தடவை விடிய வச்சேன்."

அன்றிரவு படி விளக்கு அணைக்கப்பட்டது. டிரைவர் அடித்துப்போட்டாற்போல் உறங்கினார். வெள்ளிக்கிழமையும் அப்படியே. ஆயினும் கறிக்கடைக்காரரை வரவேண்டாமென்று சொல்ல அவர் துணியவில்லை. இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்றிருந்தார்.

சனிக்கிழமை நள்ளிரவில், கும்மிருட்டில், துரை கூவியது.

"நாளைக்கு அவன் கதை முடிஞ்சுது, படுங்க," என்றாள் மனைவி.

ஆனால் டிரைவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். வெளிச்சமே இல்லையே! இன்ஜினில் புதிய சத்தம் கேட்டால் காரணம் பார்க்காமல் வண்டியை எடுக்கும் வழக்கம் அவருக்கில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கூண்டின் கீழ்மூலையில் கம்பிவலை ஆணியிலிருந்து கழன்றிருந்தது. அதன் வழியாக ஒரு காட்டுப்பூனை தோள்வரை உள்ளே நுழைந்திருந்தது. பெட்டைகள் அனைத்தும் பின்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒடுங்கிக் கிடந்தன. நடுவில் துரை நின்றது. இறக்கைகளை அகல விரித்து, கழுத்து மயிர் சிலிர்த்து, பாதி கிழிந்த கொண்டையிலிருந்து கண்ணுக்குள் வழிந்த குருதியைப் பொருட்படுத்தாமல், கால் நகத்தால் பாய்வதும் பின்வாங்குவதுமாக அது போரிட்டது. பின்வாங்கும்போதெல்லாம் கூவியது. இருட்டில் சேவலுக்குப் பார்வை கிடையாது என்பதை டிரைவர் கேள்விப்பட்டிருந்தார். எதிரி எங்கே என்று தெரியாமலே, பின்னால் இருப்பவர்களை விட்டு அது ஓரடியும் நகரவில்லை.

அவர் அதட்டியதும் பூனை உருவிக்கொண்டு ஓடியது. துரை அவரையும் நம்பவில்லை. டார்ச்சைப் பார்த்து ஒருமுறை பாய்ந்தது.

"அடேங்கப்பா!" என்றார் டிரைவர், தம்மையறியாமல். "நீதான்டா ஆம்பளை."

கதவைத் தட்டிப் பயனில்லை. ஜன்னல் வழியே டார்ச் வெளிச்சத்தை முகத்தில் அடித்து அம்மாளை எழுப்பினார். கடை மருந்தும் பஞ்சுமாக வந்த அம்மாள், துரையை மடியில் அமுக்கிக்கொண்டு கொண்டையைத் துடைத்தார்.

"இந்தக் கத்துக் கத்தியிருக்கான். எனக்குக் கேக்கலையே தம்பி."

"எனக்குக் கேட்டுது அக்கா."

"நாளைக்குக் கடைக்காரரு வருவாரே?"

"வரட்டும். டீ குடுத்து அனுப்பிருங்க," என்றார் டிரைவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிரைவரும் மனைவியும் அம்மாளும் கொல்லையில் கூடிப் பேசி முடிவெடுத்தனர். துரை கொடுக்கப்படாது. படி விளக்குக்கு மாடியிலும் ஒரு சுவிட்ச் வைக்கப்படும். டிரைவர் இறங்கும்போது மட்டும் அது எரியும். கழன்ற வலைக்குப் பதிலாக நெருக்கமான கம்பிவலை அடிக்கப்படும். இரவில் கோழிகள் காற்றோட்டத் துளையிட்ட மரப்பெட்டிக்குள் அடையும். விடிந்தபின் அம்மாள் திறந்துவிடுவார். விடியலுக்குச் சற்று முன் துரை கூவுவதை எவராலும் நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் டிரைவர் வண்டியில் இருப்பார் என்பதால் அதைப்பற்றி எவரும் பேசுவதில்லை. இருட்டில் அது கூவினால், ஏன் கூவியது என்று பார்க்காமல் எவரும் திட்டக் கூடாது. பார்க்கப்போவது டிரைவரின் மனைவி. அவள் அதற்கு முணுமுணுத்தாள், ஆனால் ஒப்புக்கொண்டாள்.