தட்டு ஆறுவதற்குள்

இரண்டாவது முறையாக, “சுபா” என்று முன்னறையிலிருந்து குரல் வந்தபோது, சுபஸ்ரீயின் கத்தி தட்டின் நடுப்பகுதியில் இருந்தது. வெல்லப்பாகில் பிடித்த ஓட்ஸும் நிலக்கடலையும் எள்ளும் தேங்காய்த் துருவலும் பொன்னிறமாக வெந்து, அப்போதுதான் ஓவனைவிட்டு வெளியே வந்திருந்தன. அந்தச் சூட்டிலேயே கோடு கிழித்துத் துண்டு போட்டுவிட வேண்டும். ஆறவிட்டால் பலகைபோல் இறுகிவிடும். பிறகு எந்தக் கத்திக்கும் வசப்படாமல் பொலபொலவென்று உதிர்ந்துபோகும்.

“தோ வரேன் மாமா! கொஞ்சம் இருங்க” என்று குரல் கொடுத்துவிட்டு, மிச்சக் கோடுகளையும் கிழித்தாள். ஓரத்தில் உதிர்ந்தவற்றைச் சிறு கிண்ணத்தில் வழித்தாள். இரண்டாவது தட்டை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

மாமனார் அண்ணாதுரை கட்டிலின் விளிம்பில் சாய்ந்திருந்தார். ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது; மற்றொன்று போர்வைக்குள் சிக்கியிருந்தது. எழுந்திருக்க முயன்றவர் பாதியில் மனத்தை மாற்றிக்கொண்டதுபோல் இருந்தது. “இந்தாங்க மாமா” என்று கிண்ணத்தை நீட்டிய பிறகே அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் கூப்பிடுவது புதிதன்று. சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபின், மருத்துவர் ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார். கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தபோது, “போஸ்டர் ஒட்டறதுக்கா கொண்டாந்த?” என்று கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். அதன் பிறகுதான் சுபஸ்ரீ கைப்பேசியில் பார்த்து, ஓட்ஸை வெல்லப்பாகில் பிடித்து மொறுமொறுவென்று சுடும் இந்தக் கிரனோலாவைச் செய்யக் கற்றுக்கொண்டாள். கொஞ்சத்தை உதிரியாக டப்பாவில் போட்டுவைப்பாள். மகள் ஜோதி அதைப் பாலில் கலந்து தின்றுவிட்டுப் பள்ளிக்கு ஓடுவாள். மிச்சத்தைக் கடலைமிட்டாய்போல் நீளத் துண்டுகளாக, ‘பார்’களாக வெட்டுவாள். அவை கணவன் புருஷோத்தமனுக்கு. ஒரகடத்துத் தொழிற்சாலையில் தேநீர் இடைவேளை என்று அவனுக்குக் கொடுத்த நேரத்தில் கேன்டீன் வரிசையில் நின்று திரும்ப முடியாது. சட்டைப் பையிலிருந்து ஒரு பாரை எடுத்துக் கடித்துக்கொண்டே லைனுக்குத் திரும்பிவிடலாம். மனிதன் பசியாற அவ்வளவு நேரம் போதும் என்று, குளிரூட்டிய அறையில் அமர்ந்து எவனோ ஒருவன் முடிவுசெய்து வைத்திருக்கிறான்.

மாமனாருக்குப் பார் கடிக்கப் பல் இல்லை. அவருடைய பங்கு ஓரத்து உதிரி. எள்ளும் வெல்லமும் வறுபடும் மணம் முன்னறையை எட்டியதும், “சுபா, ஆச்சாம்மா?” என்பார். சற்றுப் பொறுத்து மறுபடியும் கூப்பிடுவார். அவள் கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தால், “மொதல்ல அத்த வெட்டி முடி. நான் எங்க ஓடிடப் போறேன்?” என்று சிரிப்பார். இன்றும் அதே அழைப்பென்றே அவள் நினைத்தாள். பெயருக்குப் பின்னால் அந்த ‘ஆச்சாம்மா’ வராததைக் காது கேட்டது; கை கேட்கவில்லை.

அவளுடைய அலறலுக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டுக் கங்கம்மாள், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். கண்களை மூடிவிட்டுத் தாடையைத் துணியால் கட்டினாள். பிறகு நிமிர்ந்து மோப்பம் பிடித்தாள்.

“இன்னா வாசனை இது? அடுப்புல இன்னா கீது?”

“ஓவன்ல இன்னொரு தட்டு...”

“மொதல்ல அத்த அணை சுபா. பொணம் கெடக்கற வூட்ல நெருப்பு எரியக்கூடாது.”

“அது கரண்டு அடுப்புக்கா.”

“கரண்டுன்னா சுடாதா? கைய வெச்சுப் பாரேன்!”

சுபஸ்ரீ மாமனாரின் காலில் சிக்கியிருந்த போர்வையை விடுவித்துக்கொண்டிருந்தாள். மாடி அறையில் குடியிருந்த தங்கமாரி படியிறங்கி வந்து, நேராகச் சமையலறைக்குள் போனாள். தென்காசிப் பக்கத்துப் பெண். கைப்பேசித் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். “நான் அமத்திட்டேன் யக்கா. நீங்க மாமாகிட்ட இரிங்க” என்றாள். அதற்குள் இரண்டாவது தட்டு கருகியிருந்தது. அந்தக் கருகல் மணம் வீட்டை விட்டுப் போவதாக இல்லை.

கைப்பேசியை வாயிலிலேயே வாங்கிப் பூட்டிவைக்கும் ஒரகடத்துத் தொழிற்சாலையில், தந்தை இறந்த செய்தி செக்யூரிட்டி, ஹெச்.ஆர்., சூப்பர்வைசர் என்று ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்கியது. மாற்று ஆள் லைனில் வந்து நின்ற பிறகே புருஷோத்தமனிடம் சொன்னார்கள். அவனுக்கு முன்பே, வல்லக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவனுடைய அக்காள் மரகதம் தலைவிரிகோலமாக வந்து விழுந்துவிட்டாள்.

அழுது ஓய்ந்து தலைதூக்கிய மரகதத்தின் மூக்கிலும் அந்த மணம் ஏறியது.

“இன்னாடி இது? எங்கப்பன் சாவுக்குப் பலகாரம் சுட்டுக்கினு இருந்தியா?”

“இல்ல அண்ணி. அவருக்குத்தான்...”

“குதுர தின்றத எல்லாம் போட்டுப் போட்டு அனுப்பிட்ட!” என்றவள், சட்டென்று குரல் இறங்கி, சுபஸ்ரீயின் மணிக்கட்டைப் பற்றினாள். “கடைசியா இன்னா சொன்னாரு? எம் பேரச் சொன்னாரா?”

சாவு வீட்டில் எவரும் கேட்கும் கேள்விதான். கடைசிச் சொல் கிடைத்தால் அதை ஒப்பாரியில் வைத்துப் பாடுவார்கள். சுற்றியிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திக்கொண்டு சுபஸ்ரீயின் வாயைப் பார்த்தார்கள்.

“ஒண்ணும் சொல்லல அண்ணி. தூக்கத்துலயே போய்ட்டாரு.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தவள், தண்ணீர்ச் சொம்புடன் வாசலில் நின்ற தங்கமாரியைக் கண்டாள். அவளுடைய அறைச் சன்னல் முன்னறைக்கு நேர்மேலே இருந்தது. மரகதமும் திரும்பினாள்.

“நீ மேலதான இருந்த? எதுனா சத்தம் கேட்டுச்சா?”

தங்கமாரி சொம்பைக் கைமாற்றிப் பிடித்தாள். “நைட் சிப்ட் முடிச்சிட்டு வந்து அசந்து தூங்கிட்டேன் யக்கா.”

வாசலில் கட்டத் தொடங்கியிருந்த பந்தலின்மேல், அவள் காலையில் துவைத்து மாடிக் கொடியில் போட்டிருந்த சீருடையிலிருந்து இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

‘தூக்கத்திலேயே போய்விட்டார்’ என்ற சொல் அதன்பின் சுபஸ்ரீயின் உதவியின்றியே நடமாடியது. மாலை கொண்டுவந்தவர்கள் அதைக் கேட்டு, “கொடுத்து வெச்ச மனுசன்” என்று தலையசைத்தனர். மரகதம் அதையே ஒப்பாரியில் வைத்தாள். நோகாமல் போன தகப்பனைப் பாடிப் பாடி அவளுடைய கோபம் கரைந்தது. நடுவில் எழுந்துவந்து சுபஸ்ரீயைக் கட்டிக்கொண்டு, “பெத்த மவ நான் பண்ணாதத நீ பண்ணடி. நல்லாப் பாத்துக்கின” என்றாள். முன்பு ஏசியபோது தாங்கிக்கொண்ட சுபஸ்ரீயால் அந்த அணைப்பைத் தாங்க முடியவில்லை.

நிலத்தைக் கொடுத்துவிட்டு, அதே நிலத்தில் எழுந்த கம்பெனிக்குக் காவல் நின்றவர் அண்ணாதுரை. கூடவே காவல் நின்ற சுப்பன் கண்ணாடிப் பெட்டியருகே வந்து கும்பிட்டார். “டூட்டிலயே தூங்கற ஆளு! சாவையும் தூங்கிக்கினே முடிச்சிட்டான் பார்” என்றார். பந்தலில் சிரிப்பு எழுந்தது. வந்ததுமுதல் கல்லாக நின்றிருந்த புருஷோத்தமனும் சிரித்தான், சிரித்தபடியே அழுதான். சுபஸ்ரீயை ஓரமாக அழைத்து, “கஷ்டப்படல இல்ல?” என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். அது ஆமென்றும் இல்லையென்றும் எடுத்துக்கொள்ளத்தக்க ஆட்டம். அவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டான்.

மேளம் முன்னே போக, ஆண்கள் பிணத்தை எடுத்துச் சென்றனர். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். சுபஸ்ரீ தலைக்குக் குளித்து, ஈரப் புடவையுடன் படிக்கட்டின் கீழ் நின்றபோது, தங்கமாரி வேலைக்குப் புறப்பட்டு இறங்கி வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. அருகில் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டாள்.

“யக்கா, நீங்க பயப்படாதீய. நான் யாருட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

அன்பாகத்தான் சொன்னாள். கம்பெனிப் பேருந்து தெருமுனையில் ஒலி எழுப்பியது, ஓடிவிட்டாள். சுபஸ்ரீ படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். பயம் என்றொரு சொல்லை அதுவரை அவள் தான் மறைத்ததற்கு வைத்திருக்கவில்லை. இனி இந்தப் பெண்ணை மாடிப்படியில் காணும்போதெல்லாம், கூட்டுக் களவாணிகள்போல் இருவரும் கண்களைத் தாழ்த்திக்கொள்ள வேண்டியதுதான்.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய புருஷோத்தமன், வீட்டுக்குள் நுழையுமுன் குளிப்பதற்காகப் பின்பக்கம் வந்து, துவைக்கும் கல்லின்மேல் குனிந்து அமர்ந்தான். தலை மழிக்கப்பட்டிருந்தது. காதுக்குப் பின்னால் கத்தி பட்ட இடத்தில் மெல்லிய சிவப்புக் கோடு. சுபஸ்ரீ குடத்தைச் சாய்த்து அவன் தலையில் நீர் வார்த்தாள்.

“சுப்பன் மாமா கொள்ளி வெக்கற எடத்துலயும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தாரு” என்றான் அவன், நீருக்கடியிலிருந்து. “தூக்கத்துல போறதுக்கு எவ்ளோ புண்ணியம் பண்ணிருக்கணும்னு.”

“ஏங்க.”

“ம்.”

“மாமா தூங்கல.”

அவள் குடத்தை இன்னும் சாய்த்தாள்.

“என்னைக் கூப்டாரு. ரெண்டு வாட்டி கூப்டாரு. எப்பவும் கேக்கறாப்போல கேக்கறாருன்னு நெனச்சிக்கினு, நான் தட்ட வெட்டி முடிச்சிட்டுத்தான் போனேன்.”

குடத்தில் நீர் தீர்ந்துவிட்டது. முன்புறத்தில், வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் ஓசை கேட்டது.  புருஷோத்தமன் குனிந்தபடியே கையை நீட்டி, அவளிடமிருந்து குடத்தை வாங்கினான். குழாயடியில் வைத்து, குழாயைத் திருகித் திறந்தான்.

குடம் நிறைந்தது. வழிந்தது. இருவரில் ஒருவரும் குழாயை மூடவில்லை.