மணக்கக் கூடாத காற்று

கடலில் முக்குளிக்கக் கற்றுத்தரும் ஸ்கூபா பள்ளியின் பின்னறையில் உட்கார்ந்து, கண்டவர்கள் கடித்துத் துப்பிய ரப்பரைக் கழுவுவதுதான் அவள் வேலை. முதலாளிக்கு மச்சினி. எதையும் மோந்து பார்க்காமல் கையில் எடுக்கமாட்டாள் என்பதால் அவர் வைத்த பெயர் மோப்பக்காரி.

புதிதாக முக்குளிக்க வருகிறவர்கள், மூச்சுக் குழாயின் நுனியில் வாயில் கவ்விக்கொள்ளும் ரப்பரைப் பயத்தில் மென்றே தீர்ப்பார்கள். பல் பதிந்த குழிகளில் எச்சில் காய்ந்து பிசுபிசுக்கும். குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடையைப் புரட்டினால், பத்தில் எட்டுப் பேர் தண்ணீருக்குள்ளேயே சிறுநீர் கழித்தது தெரியும். கேட்டால் அத்தனை பேரும் உத்தமர்கள். குமட்டும். ஆனாலும் மனித அழுக்கு சோப்புக்குக் கட்டுப்படும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கழுவுவாள்.

அன்று காலை ஆறு பேருக்கு முதல் பாடம். கண்ணாடி, காலில் மாட்டும் துடுப்பு, மிதவைச் சட்டை, இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். வருகிறவர்கள் இவற்றைத்தான் இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். சிலிண்டருக்குள் இருப்பதை யாரும் கேட்பதில்லை. நாம் மூச்சு விடும் இதே காற்றைத்தான் அமுக்கி அமுக்கி அதில் அடைக்கிறார்கள். நல்ல காற்றென்றால் அதற்கு வாசனையே இருக்கக் கூடாது.

முதல் சிலிண்டரின் திருகைக் கொஞ்சம் திறந்து மூக்கைக் கொடுத்தாள். நெரிசலில் பஸ்ஸின் பின்னால் நிற்கிற நாற்றம். வெள்ளைத் துணியைப் பிடித்து மறுபடி திறந்தாள்; துணியில் கறுப்பாகப் புகைப் பிசுக்கு. ஆறிலும் அதே கதைதான்.

காற்றடிக்கும் கம்ப்ரசரிலிருந்து வெளியே போகும் உறிஞ்சுகுழாயைத் தொடர்ந்து போனாள். கூரை உச்சியில் இருக்க வேண்டிய அதன் வாய் ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. நேர் கீழே வேனின் புகைக்குழாய். நேற்று மதியம் சிலிண்டர்கள் நிரம்பிக்கொண்டிருந்தபோது, அத்தான் எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு வேனுக்குள் தூங்கியது ஞாபகம் வந்தது.

கூப்பிட்டுக் காட்டினாள். கூரையில் குழாய் தடதடத்துத் தூக்கத்தைக் கெடுத்தது, அதான் இறக்கினேன் என்றார் அவர். ஆளுக்கு ரெண்டு புதினா மிட்டாய் கொடுத்தால் நாற்றம் தெரியாது என்று வழியும் சொன்னார்.

அவள் பொறுமையாக விளக்கினாள். புகையில் விஷவாயு இருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் விஷமும் இரண்டு மடங்கு வேலை செய்யும். தலை சுற்றுவது தெரிவதற்குள் வாயிலிருக்கும் ரப்பர் நழுவிவிடும்.

"இவங்க போறது அஞ்சு மீட்டர்தான். மூக்கை வெச்சுக்கிட்டுப் பொழப்பைக் கெடுக்காத."

"சரி அத்தான், முதல்ல நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் இதுல மூச்சு விடுங்க. நல்லாக் கழுவித்தான் வெச்சிருக்கேன்."

அவள் நீட்டிய மூச்சுக் குழாயை வாங்கினார். உதடு வரை கொண்டுபோனார். முகம் கோணியது, கீழே வைத்துவிட்டார்.

"நான் இன்னும் டீயே குடிக்கல."

இத்தனை வருஷம் எச்சிலையும் மூத்திரத்தையும் கழுவியபோது வராத அருவருப்பு, அந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது. சிலிண்டர்களை ஒவ்வொன்றாக முற்றத்துக்கு உருட்டிப்போய், அத்தான் கத்தக் கத்த, ஆறையும் முழுசாகத் திறந்துவிட்டாள். காது கிழியும் சீறல்.

அந்த நேரம் பார்த்து ஆறு பேரும் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னால் வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன இந்த நாற்றம் என்றார்.

"உங்களுக்குன்னு அடைச்சு வெச்சிருந்த காத்துங்க" என்றாள் அவள்.