செயலாளருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டுகிறவருக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்தது கூட வேலை பார்க்கும் பாய்தான். மயிரிழை பிசகினாலும் லென்ஸைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வெட்டுகிற ஆளை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது? வெட்டுவது ரசமட்டம், சரிபார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவது பாய். பதினோரு வருஷமாக இப்படித்தான்.

மதியம் ஒரே மேஜையில் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, இருவரும் இயேசுவைப் பற்றிப் பேசுவார்கள். ஆரம்பத்தில் ரசமட்டம் வேதப்புத்தகத்தின் மேலேயே டிபன் பாக்ஸை வைப்பார். "நீங்களே மதிக்காததை நான் எப்படிண்ணே மதிக்கிறது?" என்று பாய் கேட்ட அன்றே புத்தகம் துணி சுற்றி மேல் அலமாரிக்குப் போனது. பாயின் நம்பிக்கையை ரசமட்டம் ஒருநாளும் குறை சொன்னதில்லை; கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் நிதானமாக. போன மாதம் பாய் தானாகவே, "இதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கட்டுமாண்ணே?" என்றார். ரசமட்டத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணை அள்ளிப் போட வந்தார் ரசமட்டம் போகும் சபையின் செயலாளர். கண் பரிசோதனைக்கு வந்தவர் பின்னறைக்குள் தலையை நீட்டி, பாய் வேதம் வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்காமல் கொள்ளாமல் படம் எடுத்தார். ஞாயிறன்று அது சபையின் அறிவிப்புப் பலகையில் இருந்தது: 'இந்த ஆண்டின் முதல் அறுவடை.' பாய் மதம் மாறிவிட்டார் என்றுதான் அதற்கு அர்த்தம். படம் எங்கெங்கோ சுற்றி பாயின் அண்ணன் கைக்கும் போனது. அண்ணன் பாயின் வீட்டு வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார். பாயின் மனைவி மூன்று நாள் அழுதாள். பாய் புத்தகத்தை அதே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். அதன்பிறகு அவருக்குச் சாப்பாடு வெளியே, தனியாக.

ஜெபத்துக்கு முட்டி போட்டாலும் ரசமட்டத்தின் மனசு செயலாளரின் கழுத்தைத்தான் பிடித்தது. கர்த்தரும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார் என்று தனக்கு வசதியாகச் சமாதானம் சொல்லிக்கொண்டார். கடைசியில் பழிவாங்க ஒரு வாய்ப்பு அவர் கையிலேயே வந்து விழுந்தது. செயலாளரின் லென்ஸ், சனிக்கிழமைக்குள் வேண்டும். ஞாயிறு ஆராதனையில் வேதம் வாசிப்பது அந்த மனுஷர்தான், அதில் அப்படியொரு பெருமை அவருக்கு.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக ரசமட்டம் வேண்டுமென்றே பிசகினார். சீட்டில் இருந்த கோணத்திலிருந்து இருபது டிகிரி திருப்பி வெட்டினார். எழுத்தெல்லாம் சாய்ந்து கலங்கித் தெரியும். பாய் பார்த்தால் பிடித்துவிடுவார். ஆகவே பாய் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அவர் கையெழுத்தையும் தானே போட்டு அனுப்பினார். தினமும் பார்த்த கையெழுத்து, சுலபமாகவே வந்தது.

ஞாயிறன்று செயலாளர் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்தார், மூக்கருகே கொண்டுவந்தார், முதல் வரியிலேயே மூன்று முறை முட்டி மோதினார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குரல் உடைந்து பாதியில் இறங்கினார். கடைசி வரிசையில் ரசமட்டத்துக்கு உள்ளம் குளிர்ந்தது.

திங்கள் காலை செயலாளர் வந்து கடையை இரண்டாக்கினார். முதலாளி சீட்டைத் தேடி எடுத்தார். "பாய் கையெழுத்துதான் இருக்கு."

"எனக்கு அப்பவே தெரியும். பழிவாங்கிட்டான்," என்றார் செயலாளர். "இந்த ஆளுங்க புத்தியே இதுதான்."

பாய் சீட்டை வாங்கிப் பார்த்தார். தான் போடாத கையெழுத்து அவருக்குத் தெரியாதா? சீட்டிலிருந்து தலையைத் தூக்கி ரசமட்டத்தைப் பார்த்தார். "நாளையிலேர்ந்து நீங்க..." என்று முதலாளி ஆரம்பிக்கவும் ரசமட்டம் குறுக்கே வந்து நின்றார்.

"கையெழுத்தும் நான் போட்டதுதான். லென்ஸும் நான் வேணும்னே கெடுத்ததுதான். பாய்க்கு ஒண்ணும் தெரியாது."

பாயை நோக்கி நீட்டியிருந்த விரலைச் செயலாளர் மடக்கிக்கொண்டார். அதைப் பார்க்க ரசமட்டத்துக்கு அப்போதும் உள்ளே கொஞ்சம் இனித்தது, வெட்கக்கேடு.

பின்னறைக்கு வந்ததும், "உங்களுக்காகத்தான் பாய்..." என்று இழுத்தார்.

பாய் மிஷினைத் துடைத்துக்கொண்டே பேசினார். "அவரு என்னைக் கேக்காம என் படத்தைப் போட்டாரு. நீங்க என்னைக் கேக்காம என் கையெழுத்தைப் போட்டீங்க. ரெண்டு பேருக்கும் நான் ஒரு ஆளாவே தெரியலையாண்ணே?"