மடியில் நித்திரையாயிருந்த பாலன்

எமிலியானுஸ் மொன்ட்ரியாலில் ஒரு மியூசியத்தில் காவலாளி. எட்டு வருடமாக அவனுக்குப் பழைய இத்தாலிய ஓவியங்கள் உள்ள அறைதான். அங்கே ஐந்நூறு வருடத்துக்கு முந்திய மாதா படம் ஒன்று இருந்தது. வழிகாட்டிகள் பிரெஞ்சில் சொல்வதைக் கேட்டுக் கேட்டே அது அவனுக்கு மனப்பாடம். மாதாவின் தலை உச்சியில். நீலப் போர்வை இருபுறமும் சரிந்து இறங்க, உருவமே ஒரு முக்கோணம். பார்ப்பவர் மனம் அடங்குவது அதனால்தான் என்பார்கள். மடியில் பாலன் நித்திரை.

மார்ச்சில் அவனுடைய மகன் தொட்டிலில் நித்திரையிலேயே இறந்துபோனான். பிறந்து ஏழு கிழமை, இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என்ன காரணம் என்று டொக்டர்மாருக்கும் தெரியவில்லை. மனைவி கத்தரின், குழந்தைகளைப் பார்க்கும் கார்டெரி வேலையை விட்டாள். பூசைக்குக்கூடப் போவதில்லை. நாலு மாதம் கோட்-டெ-நெய்ஜில் ஐந்தாம் மாடி வீட்டுக்குள்ளேயே கிடந்தாள்.

அந்தப் படத்தைப் பார்த்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறும் என்று அவன் நினைத்தான். தன்னுடைய லீவு நாளில், கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனான்.

அவள் வெகுநேரம் படத்தின் முன் நின்றாள். முகம் இளகி வருவதைக் கண்டு அவன் கர்த்தருக்கு நன்றி சொன்னான். அப்போதுதான் வழிகாட்டி ஒருத்தி ஆட்களோடு வந்தாள். இது வெறும் நித்திரை இல்லை என்றாள். பக்கவாட்டில் தொங்கும் பாலனின் கை, சிலுவையிலிருந்து இறக்கிய உடலின் கை. கீழே உள்ள கல், கல்லறை. நடக்கப்போவது தாய்க்கு முன்பே தெரியும், அதனால்தான் அவள் பிள்ளையைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறாள்.

நூறு தடவை கேட்ட விளக்கம். அன்றுதான் அவனுக்கு உறைத்தது. கத்தரினுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியும்.

“இது உங்களுக்கு முதலே தெரியுமோ?”

“ஓம்.”

“தெரிஞ்சுகொண்டோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?”

அந்த விளக்கத்தைத் தங்கள் பிள்ளையோடு சேர்த்து யோசிக்கவேயில்லை என்றான். உண்மைதான், ஆனாலும் சொல்லும்போதே கூசியது.

மெட்ரோவில் அவள் மெல்லச் சொன்னாள்: “அந்த மாதாவுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அண்டைக்கு, பிள்ளை நல்லா நித்திரை கொள்ளுறான் எண்டு சந்தோஷப்பட்டு, கதவைச் சாத்திப்போட்டுத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தனான்.”

கதவைச் சாத்தியதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவன் அவள் கையைப் பிடித்திருக்கவேண்டும், பிடிக்கவில்லை. சாத்தாமல் விட்டிருந்தால் என்ற நினைப்பு ஒரு கணம் அவனுக்குள் ஓடிவிட்டது. அதை அவள் அவன் முகத்தில் கண்டுவிட்டாள்.

ஆகஸ்டில் டொரொன்டோவிலுள்ள தமக்கை றெஜினாவிடம் போனாள். அவன் மியூசியத்தில் வேறு அறைக்கு மாற்றம் கேட்டு வாங்கினான். ஞாயிறுதோறும் போன் எடுப்பான். கத்தரின் கதைக்கமாட்டாள், றெஜினாதான் இரண்டு சொல் கதைப்பாள். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்குப் பிறகு றெஜினாவும் போனை எடுப்பதில்லை.